ஏர் கிளீனரில் இலுப்பை எண்ணெய்

எண்பத்திரண்டாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை, விடிந்தும் விடியாமலும் வேலூரில் போளூர் பஸ் ஏறினேன். தோளில் ஒரு துணிப்பை, மடியில் ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் ஆறு ஏர் ஃபில்டர். ஊர் சுற்றப் போகிறவன் ஃபில்டரையா கட்டிக்கொண்டு போவான் என்று கேட்பீர்கள். நான் வேலூரில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தேன். ஜவ்வாது மலைக்கு ஓடுகிற வண்டிகள் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் எஞ்சினைப் பிரித்துக்கொண்டு வந்து நிற்கின்றன, அவற்றுக்கு எந்த ஃபில்டர் தாங்கும் என்று நேரில் பார்த்துவரச் சொல்லி முதலாளி அனுப்பினார். மலையைப் பார்க்கவேண்டும் என்று எனக்கும் நெடுநாள் ஆசை. பார்த்தேன். அதைப் பற்றி இன்றுவரை யாரிடமும் உற்சாகமாகப் பேச முடிந்ததில்லை.

சந்தவாசலில் காலை எட்டு மணிக்கு இறங்கினேன். அங்கே டீக்கடைக்குப் பக்கத்தில் புளியமரத்து நிழலில் ஏழுமலையின் டீசல் ஜீப் நின்றது. ஏழுமலை எங்கள் கடைக்கு அடிக்கடி வரும் ஆள். நாற்பது வயது, கனத்த உடம்பு, கழுத்தில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு. சொந்த வீடு சந்தவாசல். புளி சீசன் வந்துவிட்டால் வீட்டில் பாதி நாள், மலையில் பாதி நாள்.

"வாங்க சார். மலைய பாக்கணும்னு இப்ப தான் வழி தெரிஞ்சிதா?" என்றார்.

"மலையை அப்புறம் பார்க்கலாம். முதலில் பானெட்டைத் திற" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

மோட்டார் விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. எஞ்சினும் நம்மைப் போல மூச்சு விடுகிறது. ஏர் கிளீனர்தான் அதன் மூக்கு. அன்றைய ஜீப்புகளில் பெரும்பாலும் எண்ணெய்க் கிண்ணம் வைத்த மூக்கு. உள்ளே வரும் காற்று அடியிலிருக்கும் எண்ணெயில் மோதித் திரும்பும். தூசி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தை மேலே இருக்கும் கம்பிவலை பிடித்துக்கொள்ளும். கிண்ணத்தில் ஊற்ற வேண்டியது எஞ்சின் ஆயில். அதுவும் உள்ளே போட்டிருக்கும் கோடு வரைக்கும்தான். கூடினால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கும், குறைந்தால் தூசியைத் தின்னும்.

ஏழுமலையின் கிண்ணத்தில் எண்ணெய் கோட்டளவுக்குச் சரியாக நின்றது. ஆனால் நிறம் சரியில்லை. இளமஞ்சளாக இருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன்.

"இது என்ன எண்ணெய் ஏழுமலை?"

"இலுப்ப எண்ண சார். மலையில ஜீப்பு வாடகைக்கு பதிலா டின்னு டின்னா குடுக்குறாங்க. வூட்டுல வெளக்குக்கு ஊத்துனது போக இதுக்கும் ஊத்திடுறேன். நல்லா பிசுபிசுன்னு இருக்குது பாருங்க, தூசி வந்து உக்காந்தா எந்திரிக்காது."

"எவ்வளவு நாளாக?"

"போன புளிக்கு முந்தின புளியிலர்ந்து."

இரண்டு வருஷம். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. விளக்கெரிக்கிற எண்ணெயை வைத்து எஞ்சினைக் காப்பாற்ற நினைத்த மனிதரை அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை. இதை உடனே மாற்ற வேண்டும் என்றேன். போளூரில் சவாரி காத்திருக்கிறது, மலைமேலே போய் மாற்றிக்கொள்ளலாம் என்றார். போளூரில் ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில் வாங்கி என் காலடியில் வைத்துக்கொண்டேன்.

போளூரில் ஜீப் நிரம்பியது. பின்னால் பதினோரு பேர், முன்னால் எங்களோடு சேர்த்து நான்கு பேர். ஜமுனாமரத்தூருக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம், ஆளுக்கு ஐந்து ரூபாய். பஸ் உண்டு, ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான், அதிலும் சீசனில் மூட்டை ஏறிய பிறகுதான் மனிதன் ஏறலாம். அத்திமூர் தாண்டும் வரைக்கும் தார் இருந்தது. அதற்குமேல் செம்மண்ணும் சரளையும்.

புழுதி என்று வேலூரில் நாங்கள் சொல்வதெல்லாம் புழுதியே அல்ல. எதிரே புளி ஏற்றிய லாரி ஒன்று இறங்கினால் போதும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகம் தெரியாது. மாவு சலித்த மாதிரி அவ்வளவு மெல்லிய தூள். கண்ணிமையில், பல்லிடுக்கில், சட்டைக்குள் எங்கும் மண். முன்னால் ஒரு லாரி போனால் புழுதி அடங்கும் வரை பின்தங்கிப் போக வேண்டும். ஃபில்டருக்கு அதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. இதைச் சொன்னபோது ஏழுமலை ஹாரனை அழுத்திக்கொண்டு லாரியின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு போனார்.

"இப்பவே தாண்டலன்னா கொண்டை ஊசில அவன் நின்னுடுவான் சார். அப்புறம் நமக்கு வேகம் கெடைக்காது. இப்பல்லாம் வண்டி முன்ன மாதிரி இழுக்கறதில்ல."

அது எனக்கும் தெரிந்தது. ஏற்றத்தில் முதல் கியரிலேயே முனகியது. பின்னால் நீலப் புகை. ஒரு வளைவில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தியபோது, எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து கையை வைத்துப் பார்த்தேன். குபுகுபுவென்று ஆவி அடித்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்துபோன எஞ்சின்தான் அப்படி மூச்சுவிடும். அப்போது ஏழுமலையின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

மலையின் மேலே ஏறியதும் காற்று குளிர்ந்தது. அங்கே சமவெளி விரிந்துவிடும் என்று கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். மேலேயும் மேடும் பள்ளமும்தான். சாமை அறுத்த கொல்லைகள், நடுநடுவே புளியமரம், தூரத்தில் கூரை வீடுகள். பகல் ஒரு மணிக்கு ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்தோம். கடைத்தெருவில் நின்ற வண்டிகளின் மூக்கையெல்லாம் திறந்து பார்த்துவிட்டேன். ஒரு லாரியில் காகித ஃபில்டர். அதைத் தினம் டயரில் நாலு தட்டுத் தட்டி மாட்டுவார்களாம். மடிப்பெல்லாம் கிழிந்து தூசிக்குக் கதவு திறந்துவைத்தது போல் இருந்தது. காகிதத்தை உள்ளிருந்து வெளியே மெதுவாக ஊதித்தான் தூசி எடுக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஓட்டை தெரிந்தால் தூக்கி எறிந்துவிட வேண்டும். இன்னொருவர் மூக்குக்கு ஈரச் சாக்கு கட்டியிருந்தார். சளி பிடித்தவனுக்கு முகத்தில் தலையணை வைத்த கதை. இந்த மண்ணுக்கு எண்ணெய்க் கிண்ணம்தான் லாயக்கு, ஆனால் சீசனில் தினம் கழுவ வேண்டும் என்று எனக்குப் பட்டது. யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் எல்லோரிடமும் சொன்னேன்.

ஏழுமலைக்கு மறுநாள் ஏற்ற வேண்டிய புளி, ஆறு கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூரில் இருந்தது. பொழுது சாயும் நேரத்துக்கு அங்கே போனோம். புளிக்குச் சொந்தக்காரர் வெள்ளையன். முப்பது வயதுக்குள் இருக்கும், ஒல்லி, வெடுக்கென்று பேசுகிற ஆள். வீட்டுக்காரி காசியம்மா எங்களுக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். நான் விடாமல் தூசி, ஃபில்டர் என்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு வெள்ளையன் ஏழுமலையிடம் திரும்பினார்.

"வண்டி மூக்குக்கு இத்தினி வைத்தியமா? நாங்க புளி உலுக்கி உலுக்கி மூக்கெல்லாம் மண்ணாக் கீது. எங்களுக்கு ஒரு டப்பா இருந்தா குடுக்கச் சொல்லுண்ணே."

"உனுக்கு மூக்குல டப்பா மாட்டுனா காசியம்மா பயந்து ஓடிடும்டா" என்றார் ஏழுமலை.

"ஓடட்டும், சோறு ஆக்கி வச்சிட்டு ஓடட்டும்" என்றார் வெள்ளையன். காசியம்மா அகப்பையை ஓங்கினாள். எனக்கு அந்த ஊர் பிடித்துப்போனது அந்த நேரத்தில்தான்.

மறுநாள் விடிந்தபோது உடம்பு வெடவெடத்தது. புல்லில் பனி. கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய் ஏழுமலையை எழுப்பி, ஏர் கிளீனரைக் கழற்றச் சொன்னேன். கிளிப்பை எடுத்துக் கிண்ணத்தை இறக்கினார். இறக்கியவர் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

இலுப்பை எண்ணெய் நெய்யாக உறைந்திருந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. மேலே செம்மண் ஆடை. விரலால் தட்டினால் டொக்கென்றது. சந்தவாசல் வெயிலில் இந்த எண்ணெய் தண்ணீராகத்தான் நிற்கும். அங்கே வீட்டு வாசலில் திறந்து பார்த்தவருக்கு எந்தக் குறையும் தெரிந்திருக்காது. மலைக் குளிரில் இரவெல்லாம் நின்று, விடியலில் மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது மட்டும் அது கல். தூசி அதன் மேல் வழுக்கிக்கொண்டு நேரே எஞ்சினுக்குள் போயிருக்கிறது. எஞ்சின் சூட்டில் எண்ணெய் இளகுவதற்குள் பாதி வழி தீர்ந்துவிடும். ஒவ்வொரு விடியலும் இதே கதை. ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் விரலைவிட்டு எடுத்துக் காட்டினேன். சுத்தமாக இருக்கவேண்டிய இடம் அது. விரல் முழுக்கச் சிவப்பு.

"ரெண்டு வருசமா இத்த தான் தின்னுனு இருந்துதா?" என்றார்.

"ஆமாம். ரிங், லைனர் எல்லாம் அரைபட்டுவிட்டது. இப்போது ஃபில்டரை மாற்றினால் இனிமேல் தேயாது. தேய்ந்தது தேய்ந்ததுதான்."

"புளி முடியட்டும் சார். சித்திரையில எஞ்சின எறக்கி சரி பண்ணிடுறேன்." வாசல் பெருக்கிக்கொண்டிருந்த காசியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

மண்ணெண்ணெயில் கிண்ணத்தையும் கம்பிவலையையும் கழுவினோம். வலையை நிழலில் உலரவிட்டு, ரப்பர் வாஷரைத் துடைத்து, குழாயின் இரண்டு கிளிப்பையும் முறுக்கி, போளூர் ஆயிலைக் கோடு வரைக்கும் ஊற்றி மூடினோம். எட்டரை மணி இருக்கும். புத்தம் புதுசு மாதிரி இருந்தது. ஒரு வேலையை ஒழுங்காகச் செய்த திருப்தியில் நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் கொல்லைப் பக்கமிருந்து கூச்சல் வந்தது.

வெள்ளையன் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். அங்கே புளி பறிப்பது கீழேயிருந்து அல்ல. ஆண்கள் உச்சிக் கொம்பு வரைக்கும் ஏறி, காலால் மிதித்தும் கழியால் அடித்தும் உலுக்குவார்கள். பெண்கள் கீழே பொறுக்குவார்கள். பனி காயாத கொம்பில் கால் வழுக்கியிருக்கிறது. வெட்டி விட்ட ஒரு கிளையின் முண்டில் வயிறு மோதித் தரையில் விழுந்தாராம். வெளியே ஒரு துளி ரத்தம் இல்லை. நினைவு இருந்தது. "ஒண்ணுமில்ல, மூச்சு தான் புடிச்சிக்கிச்சி" என்று அவரே சொன்னார்.

ஜீப்பில் சாக்கை விரித்துப் படுக்கவைத்து ஜமுனாமரத்தூருக்குக் கொண்டுபோனோம். காசியம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வெள்ளையனின் தம்பியும் ஊர்க்காரர் மூன்று பேரும் ஏறிக்கொண்டார்கள். அங்கிருந்த டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், ஊசி போட்டார். எங்களைத் தனியே கூப்பிட்டு, "வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது. இங்கே ஆபரேஷன் செய்ய வசதியில்லை. நிற்காமல் கீழே கொண்டுபோங்கள். நேரம்தான் முக்கியம்" என்றார். காலைப் பஸ் போய்விட்டது. லாரிகள் எல்லாம் காட்டுக்குள் மூட்டை ஏற்றப் போயிருந்தன. ஏழுமலையின் ஜீப் ஒன்றுதான் நின்றது.

கொண்டை ஊசி இறக்கம் தொடங்குவதற்கு முன் அந்த வழியில் மூன்று ஏற்றம் உண்டு. வரும்போது அவை எனக்கு ஏற்றமாகவே தெரியவில்லை, இறக்கத்தில்தானே வந்தோம். முதல் ஏற்றத்தின் பாதியில் ஜீப் திணறியது. நேற்று பதினைந்து பேரைச் சுமந்து மலையேறியதோடு ரிங்கில் மிச்சமிருந்த தெம்பும் போயிருந்தது. நாங்கள் எல்லோரும் இறங்கினோம். காசியம்மாவும் வெள்ளையனும் மட்டும் உள்ளே. தள்ளிக்கொண்டே ஏற்றினோம். நீலப் புகை எங்கள் முகத்திலேயே அடித்தது. தாண்டியது.

இரண்டாவது ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. செல்ஃப் அடித்தால் கிர்ரென்று சும்மா சுற்றியது. தேய்ந்த எஞ்சினில் அழுத்தம் ஏறவில்லை. வேறு வழி ஒன்றுதான் இருந்தது. வண்டியைப் பின்னாலேயே சரிவில் உருளவிட்டு, ரிவர்ஸ் கியரில் கிளட்சை விட வேண்டும். விட்டார். வண்டி குலுங்கி எகிறியது. உள்ளேயிருந்து வெள்ளையன் கத்திய கத்து இன்னும் என் காதில் இருக்கிறது. எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடியும் உருட்டினார். மறுபடியும் குலுக்கல். மூன்றாவது தடவை பிடித்தது. ஒவ்வொரு குலுக்கலும் அந்த வயிற்றுக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். உருட்டாமல் நின்றால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஏழுமலை பல்லைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டே ஓட்டினார்.

"இன்னும் எவ்ளோ தூரம்ணே?" என்று காசியம்மா கேட்டாள்.

"தோ, இந்த மேடு தாண்டிட்டா எறக்கம் தாம்மா. எறக்கத்துல பறந்துடலாம்."

மூன்றாவது மேடு நீளமானது. பத்தடி ஏறும், நிற்கும். சக்கரத்துக்குக் கல் வைப்போம். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தள்ளுவோம். ஒரு கட்டத்தில் எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஐந்து பேரும் முட்டுக்கொடுத்தே அதை ஏற்றினோம். எனக்குத் திரும்பத் திரும்ப ஒன்றே ஒன்று தோன்றிக்கொண்டிருந்தது. அன்று வழி முழுவதும் அந்த வண்டியின் ஏர் கிளீனர் ஒரு குறையுமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு பொட்டுத் தூசி உள்ளே போயிருக்காது. அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

மேட்டின் உச்சிக்கு வந்தோம். அங்கிருந்து கீழே படவேட்டுப் பக்கத்து வயல்கள் பச்சையாகத் தெரிந்தன. இனி எஞ்சினே வேண்டாம், உருண்டாலே போதும். நாங்கள் ஏறிக்கொள்ளப் பின்பக்கம் வந்தபோது காசியம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"போதும்ணே. திருப்புங்க" என்றாள்.

தம்பி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். வெள்ளையனின் கண் பாதி திறந்திருந்தது. முகம் முழுக்கச் செம்மண் படிந்து, கண்ணோரத்தில் மட்டும் ஈரம் வழிந்த கோடு. நான் நாடியைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கை ஏற்கெனவே சில்லிட்டிருந்தது.

ஏழுமலை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஊருக்குத் திருப்புங்க. அவர வூட்டுக்கு இட்டுனு போணும்."

"திரும்பிப் போனா மறுபடியும் ஏத்தம்மா. ஏறாது" என்றார். இறங்கத்தான் அந்த வண்டிக்குத் தெம்பு இருந்தது, செத்தவரைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோக அதனால் முடியாது.

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஊர்க்காரர்கள் காட்டுக்குள் போய் இரண்டு மூங்கில் வெட்டிவந்தார்கள். ஜீப்பில் விரித்திருந்த சாக்கைக் கழிகளில் கோத்துக் கட்டி, வெள்ளையனைக் கிடத்தி, காசியம்மா போர்த்தியிருந்த கம்பளியை மேலே போட்டார்கள். தம்பி உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. அவன் இடத்தில் தோள் கொடுக்க ஏழுமலை துண்டைச் சும்மாடாக மடித்துக்கொண்டு போனார். வண்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். எனக்கு ஓட்டத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

தூக்குவதற்கு முன் காசியம்மா அவரிடம் வந்து நின்றாள். அவள் அதுவரைக்கும் அழவில்லை.

"வண்டிய சீக்கிரம் சரி பண்ணி வைங்கண்ணே. சித்திர வரைக்கும் வுடாதீங்க. மரத்து மேல இன்னும் ஆளுங்க ஏறிக்கினு தான கீறாங்க."

ஏழுமலை தலையை ஆட்டிவிட்டுக் கழியின் முனையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அவர்கள் நாங்கள் தள்ளிக்கொண்டு வந்த அதே மேட்டில் இறங்கி, பள்ளத்தில் மறைந்து, எதிர் மேட்டில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் பட்ட இடத்திலெல்லாம் புழுதி எழுந்தது. உச்சியில் தோள் மாற்ற ஒரு தடவை நின்றார்கள். அப்புறம் தெரியவில்லை.

சாயங்காலம் புளி லாரி ஒன்று வந்தது. ஜீப்பின் சக்கரங்களுக்கு இன்னும் இரண்டு கல் வைத்துவிட்டு, லாரி டிரைவரிடம் விஷயத்தைச் சொல்லி ஏறிக்கொண்டு, சாவியை ஏழுமலையிடம் சேர்க்கச் சொல்லி அத்திமூர்க் கடை ஒன்றில் ஒப்படைத்தேன். போளூரில் பஸ் பிடித்தேன். ஃபில்டர் பெட்டி மலையிலேயே எங்கோ தங்கிவிட்டது. முதலாளி கேட்டபோது, அந்த ரோட்டுக்கு எண்ணெய்க் கிண்ணம்தான் சரி, தினம் திறந்து பார்க்க வேண்டும், அதுவும் மலையில் விடியற்காலையில் திறந்து பார்க்க வேண்டும் என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

வேலூரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து என் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. வாசலில் எந்நேரமும் விளக்கு எரியும், ரிக்‌ஷாக்காரர்கள் நிற்பார்கள். யாருக்காவது உடம்புக்கு வந்தால் எங்கள் தெருவில் கைத்தாங்கலாக நடத்தியே கூட்டிப்போய்விடுவோம். அன்றைக்கு அந்த வாசல் வழியாகப் போக எனக்கு மனம் வரவில்லை. மார்க்கெட் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.